வீடு இடிக்கும் முன் ஒரு நாள் கேற்றைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மே மாதம், மழை தொடங்கிய வாரத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒரு லொறி வந்து நின்றது. வெள்ளவத்தையில் லொறி நிற்பது புதினமில்லை. மணல், கல், கம்பி என்று நாள் முழுக்க இறக்கிக்கொண்டே இருப்பார்கள். இது ஏற்றிக்கொண்டு போக வந்த லொறி. பழைய வீடு ஒன்றை இடித்துத் தொடர்மாடி கட்டப் போகிறார்கள். முதல் வேலையாகத் தோட்டத்தைப் பெக்கோ இயந்திரத்தால் வழித்து லொறியில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். மதில் ஓரமாக நின்ற அடுக்குச் செவ்வரத்தை வேரும் மண்ணுமாகத் தலைகீழாகக் கிடந்தது. அன்று காலை விரிந்த பூக்கள் அதில் இன்னும் வாடவில்லை.

தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அங்கே நின்ற மேற்பார்வையாளர் தம்பி மரியாதையானவர். "எடுங்கோ அம்மா, ஆனா அஞ்சு நிமிஷம்தான். லொறி வெளிக்கிடப் போகுது" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் மரக்கறி வாங்குகிற பையில் 23 தடிகளை வெட்டிப் போட்டுக்கொண்டு வந்தேன். செவ்வரத்தையில் 9, குரோட்டனில் 5, எக்ஸோராவில் 5, கடதாசிப்பூவில் 4. இப்போது ஓகஸ்ட். அவற்றில் 14 வேர் விட்டு எங்கள் கட்டடத்தின் மேல்தட்டில் நிற்கின்றன. அந்த ஐந்து நிமிடத்தை ஒரு காலைப்பொழுதாக ஆக்கித் தாருங்கள் என்று, வீடு விற்கிறவர்களிடமும் கட்டுகிறவர்களிடமும் உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

செடி வேண்டுமென்றால் கடையில் வாங்கலாமே என்று பலர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். வாங்கலாம். பத்தரமுல்லையில் தியத்த உயனவுக்குப் போனால் வரிசை வரிசையாகச் செடிக் கடைகள். நானும் போயிருக்கிறேன். ஆனால் அங்கே இருப்பது இப்போது விற்கிற செடி. பழைய வீட்டு மதிலோரம் நிற்கிற செடி அங்கே கிடைப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அடுக்குப் பூச்செடிகள் பலவற்றில் மகரந்தம் தருகிற கேசரங்களே இதழ்களாக மாறியிருக்கும். அதனால்தான் பூ அவ்வளவு நிறைந்து தெரிகிறது, அதனால்தான் விதையும் வைப்பதில்லை. அப்படிப்பட்ட செடியை யாரோ ஒருவர் தடி வெட்டி நட்டார், அதிலிருந்து இன்னொருவர் வெட்டினார், இப்படித்தான் அது இவ்வளவு காலமும் கைமாறி வந்திருக்கிறது. தடியில் இருந்து வருவது அந்தச் செடியின் பிள்ளை அல்ல, அதே செடிதான். கடைசிச் செடி லொறியில் ஏறிவிட்டால் அது அன்றோடு முடிந்தது.

எனக்கு இது அனுபவத்தில் தெரியும்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். கிணற்றடியில் அம்மா வைத்த அடுக்கு நந்தியாவட்டை ஒன்று நின்றது. விடிய நான்கு மணிக்கே அதன் வாசம் எழுப்பிவிடும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். சாவகச்சேரியில் சில மாதம், பிறகு 1996-இல் கொழும்பு. போரால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை 2002-இல் திறந்தது. அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. நந்தியாவட்டை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பராமரிப்பில்லாமல் காடாகி, பூத்துக்கொண்டு நின்றது.

ஆறு தடி வெட்டினேன். பழைய சாரத்துண்டை நனைத்துச் சுற்றி, அதன்மேல் வாழையிலை சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வாழையிலைக்குள் என்ன என்று கேட்ட சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். இலையைத் தொட்டுப் பார்த்து "வத்துசுத்த" என்றார், நந்தியாவட்டைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். தங்கள் வீட்டிலும் நிற்கிறது என்றார். துணியைத் திரும்பவும் சுற்றி என்னிடம் தந்தார்.

ஆறில் இரண்டு பிழைத்தன. அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் பின்வளவில் வைத்தேன். 2014-இல் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். நாங்கள் இப்போது இருக்கிற தொடர்மாடிக்கு மாறினோம். சாமான் ஏற்றுகிற நேரத்தில் தடி வெட்ட நேரமில்லை, மழை வந்ததும் வந்து எடுப்போம், வீடு எங்கே ஓடப் போகிறது என்று நினைத்தேன். பத்தாம் நாள் அந்தப் பக்கம் போனபோது தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தகரத்துக்குள் வெறும் மண். அன்று வீட்டுக்கு வந்து நான் யாருடனும் கதைக்கவில்லை.

அந்தச் செடி திரும்பக் கிடைத்தது என் திறமையால் அல்ல. 2004-இல் என்னிடம் சட்டை தைக்க வந்த பாமன்கடை அக்கா ஒருவர் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு தடி கேட்டார். கொடுத்துவிட்டு மறந்தே போனேன். அனெக்ஸ் இடிபட்ட அடுத்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் அவரைக் கண்டபோதுதான் நினைவு வந்தது. "உங்கட நந்தியாவட்டைதானே, மதிலுக்கு மேலால பூக்குது, வந்து வெட்டுங்கோ" என்றார். கோப்பாய்க் கிணற்றடிச் செடி பாமன்கடை போய், அங்கிருந்து திரும்ப என்னிடம் வந்து இப்போது மேல்தட்டில் பூக்கிறது.

தடி நடுவது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தர வேண்டிய வித்தை அல்ல. கதியால் போடாத வீடு எங்கே இருந்தது? கிளுவை, பூவரசு, முள்முருக்கை, சீமைக்கிளுவை எல்லாம் வேலியில் தடியாக நட்டுத்தான் மரமானவை. முருங்கைக்கு விதை தேடியவர் யார்? மாரி தொடங்குகிற நேரம் பார்த்து ஐயா கதியால் வெட்டுவார். அடிப்பக்கத்தைச் சரித்து வெட்டுவார், தலைப்பக்கத்தை நேராக வெட்டிச் சாணியால் மூடுவார். அலவாங்கால் குழி போட்டு, தடியை அதில் இறக்கி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார். ஏன் ஐயா அடியை மட்டும் சரித்து வெட்டுகிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். "தலையும் காலும் மாறக் கூடாது பிள்ளை" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

விளக்கத்தைச் சொன்னவள் என் பேத்தி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நுனி மொட்டிலும் இளம் இலையிலும் ஒட்சின் என்ற ஓமோன் உண்டாகிறதாம். அது தண்டு வழியே எப்போதும் அடிப்பக்கம் நோக்கித்தான் போகும். தடியை வெட்டிவிட்டால் வெட்டுவாயில் வந்து தேங்கும். அந்தத் தேக்கம்தான் அந்த இடத்தில் வேரைப் பிறக்க வைக்கிறது. தடியைத் தலைகீழாக நட்டாலும் அதற்குத் தன் அடி எது என்று தெரியும், ஆனால் அந்த அடி அப்போது காற்றில் இருக்கும். ஐயா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பேத்தியின் புத்தகத்தில் இருந்ததும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது.

கதியால் தெரிந்தவளுக்கும் கொழும்பில் பூச்செடித் தடி எளிதில் பிடிக்கவில்லை. நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன், மற்றவர்கள் அதே பிழையைச் செய்து செடியை இழக்க வேண்டாம்.

முதல் பிழை மணல். மணல் வேண்டும் என்று தெரியும், கடற்கரை ஐந்து நிமிட நடை. தண்டவாளத்தைக் கடந்து போய் ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தேன். நட்ட தடிகள் ஒரு வாரத்தில் அடியிலிருந்து கறுத்துப் போயின. கடல் மணலில் உப்பு. உப்பு மண் தடிக்குத் தண்ணீர் கொடுப்பதற்குப் பதிலாக அதில் இருக்கிற தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆற்று மணல்தான் வேண்டும், கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் ஒரு வாளி தருவார்கள். அதோடு அதே அளவு தும்புச்சோறு, தேங்காய் மட்டையில் தும்பு எடுக்கும்போது உதிர்கிற தூள். தும்புச்சோற்றிலும் உப்பும் கறையும் இருக்கும். ஓர் இரவு ஊறவிட்டு, பிழிந்து, திரும்பவும் ஊறவிட்டுப் பிழிந்தால் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கி இறங்கித் தெளியும். வளமான மண், சாணம், உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேர் இல்லாத தடிக்கு உரம் எதற்கு? அழுகத்தான் செய்யும்.

இரண்டாம் பிழை கத்தரிக்கோல். முப்பது வருடமாகக் கத்தரிக்கோல் பிடித்த கை என்பதால் அதையே எடுத்தேன். எங்கள் தொடர்மாடியில் படி கூட்ட வருகிற தங்கச்சி ஹட்டன் பக்கம். கல்யாணத்துக்கு முன் தேயிலைத் தோட்டத்தில் தவறணை வேலை, அதாவது நாற்றுமேடை வேலை, பார்த்தவர். நான் வெட்டுவதைப் பார்த்துத் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். "அம்மா, கத்தரிக்கோல வச்சு வெட்டாதீங்க, நசுங்கிரும். பிளேடு இருந்தா குடுங்க" என்றார்.

அவர் வெட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கொப்பைப் பிடித்தார், அழுத்தவில்லை. பிளேடை ஒரே இழுப்பில் சரிவாக இழுத்தார், அறுக்கவில்லை. வெட்டுவாய் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நான் வெட்டிய துண்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஓரத்தில் தோல் நைந்து, நார் பிரிந்து நின்றது. அழுகல் உள்ளே போவது அந்த நைந்த இடத்தால்தான் என்றார். வெட்டிய உடனே தண்ணீர் வாளியில் போட்டார். வெயில் படும்படி ஒரு நிமிடமும் வெளியே வைக்க விடவில்லை. தேயிலையில் ஒரு கொப்பு முழுவதும் வேண்டாமாம். ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஒன்றரை அங்குலத் தண்டு, அவ்வளவுதான் ஒரு வீ.பி. கன்று, விதையில்லாமல் தடியில் இருந்து வளர்க்கிற கன்றுக்கு அதுதான் பெயர். தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் மலை மலையாகப் பரவியது இப்படி ஒற்றை இலையாகத்தான். அதை வெட்டி நட்டவை அந்தத் தங்கச்சி போன்றவர்களின் விரல்கள். கொழும்பில் வீட்டு வேலையிலும் கடையிலும் இருக்கிற மலையகத்துப் பெண்கள் எத்தனை பேருக்கு இந்தக் கைப்பழக்கம் இருக்கும்! நாங்கள் அவர்களிடம் தேநீர் போடச் சொல்கிறோம், இதைக் கேட்பதில்லை.

இப்போது நான் செய்கிற முறை இதுதான். காலையில், செடி தண்ணீர் குடித்துத் தெம்பாக நிற்கிற நேரத்தில் வெட்டுகிறேன். ஒரு சாண் நீளம், பென்சில் தடிப்பு. பச்சை நுனி வேண்டாம், வாடிவிடும். பட்டை வெடித்த முற்றல் கொப்பும் வேண்டாம். வளைத்தால் வளைய வேண்டும், இன்னும் கொஞ்சம் வளைத்தால் முறிய வேண்டும், அதுதான் பருவம். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. பூவையும் மொட்டையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தடியில் இருக்கிற சத்தெல்லாம் பூவுக்குப் போகும். மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை எடுத்துவிட்டு, அந்த இரண்டையும் குறுக்கே பாதியாக வெட்டுகிறேன். இலை முழுவதாக இருந்தால் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், வேரில்லாத தடி அதற்கு எங்கே போகும்? நந்தியாவட்டை மாதிரிப் பால் வடிகிற செடி என்றால் பால் நிற்கும்வரை பத்து நிமிடம் தண்ணீரில் வைக்கிறேன். அரலிய (புளுமேரியா) மரத்துக் கொப்பு மட்டும் வேறு கதை. அதை ஒரு வாரம் நிழலில் காயப் போட்டு, வெட்டுவாய் ஆறிய பிறகுதான் நட வேண்டும்.

சட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் குறுக்கே வெட்டினால் கீழ்ப்பாதி சட்டி, மேல்பாதி மூடி. அடியில் சூடான கம்பியால் நான்கைந்து துளை. ஈரமான கலவையை நிரப்பி, பென்சிலால் குழி போட்டு, தடியை இரண்டு கணு உள்ளே போகும்படி இறக்கி, விரலால் சுற்றி இறுக்க வேண்டும். ஐயாவின் அலவாங்கு வேலைதான் இது, பென்சில் அளவில். தடியை நேரே குத்தினால் அடித்தோல் உரிந்துவிடும். பிறகு மேல்பாதியைக் கவிழ்த்து மூடினால் உள்ளே ஈரம் நிற்கும். காற்று வேண்டும்போது போத்தல் மூடியைத் திருகித் திறக்கலாம். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. வெயிலில் வைத்த போத்தலுக்குள் தடி அவிந்துவிடும். கடலோரத்தில் இருக்கிறவர்கள் மேற்கு ஜன்னலைத் தவிருங்கள், காற்றில் உப்பு வரும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இதுதான் எல்லோருக்கும் கஷ்டம், எனக்கும்தான். மூன்றாவது பிழை இங்கே. பத்தாம் நாள் புது இலை துளிர்த்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு தடியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளைத் தழும்பு மாதிரி ஒரு தடிப்பு, அதன் நடுவில் ஊசி முனை அளவில் வேர் தொடங்கியிருந்தது, அது முறிந்துபோயிருந்தது. தடியில் சேமிப்பு இருக்கும்வரை வேரில்லாமலே துளிர்க்கும், அதை நம்ப வேண்டாம். போத்தலில் நடுவதில் இன்னொரு நன்மை, சுவர் வழியே பார்க்கலாம். மே மாதம் நட்ட செவ்வரத்தையில் 26-ஆம் நாள் காலை, போத்தலின் ஓரத்தில், நான் தைக்கிற வெள்ளை நூல் மாதிரி ஒன்று கீழே இறங்கியிருந்தது. பேத்தியை எழுப்பிக் காட்டினேன். அதன் பிறகு மூடியை ஒரேயடியாக எடுக்காமல், முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று பழக்கினேன்.

என் 14-இன் கணக்கு இது: செவ்வரத்தை 9-இல் 7, குரோட்டன் 5-இல் 4, கடதாசிப்பூ 4-இல் 2, எக்ஸோரா 5-இல் 1. கற்றாழைச் சாற்றில் தோய்த்தால் நல்லது என்று சொன்னார்கள். பாதியைத் தோய்த்தும் பாதியைத் தோய்க்காமலும் நட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸோராவுக்குக் கடையில் விற்கிற வேர்த்தூள் வாங்கிப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலையை எல்லோரும் கேட்கிறார்கள். தடியில் எனக்கு ஒருமுறையும் வரவில்லை, தாய்மரத்தின் வேரில் இருந்து பக்கத்தில் முளைக்கிற கன்றைப் பிடுங்கி வைப்பதே வழி. மல்லிகைக்குக் கொடியை வளைத்து மண்ணில் பதி வைத்தால் போதும். அலரியும் தடியில் நன்றாக வரும், ஆனால் இலை, பால், தண்டு எல்லாமே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். குரோட்டனும் துளசியும் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும் என்று ஜன்னல் ஜன்னலாகப் போத்தல் வைக்கிறார்கள். இது டெங்கு ஊர். 2017-இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்த வருடம் எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீட்டில் காய்ச்சல். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தண்ணீரில் வைப்பதென்றால் போத்தல் வாயில் பஞ்சு அடைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, வந்து பார்த்தபோது எங்கள் மேல்தட்டில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மேல்தட்டில் செடி வைத்தால் டெங்கு வரும் என்று எங்கள் கட்டடக் குழு முதலில் மறுத்தது. அன்றைக்குப் பிறகுதான் ஒரு மூலையைத் தந்தார்கள்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன்.

வீடுகள் இடிபடுவதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. நானே தொடர்மாடியில்தான் இருக்கிறேன், இந்தக் கட்டடம் நிற்கிற இடத்திலும் முன்பு ஒரு தோட்டம் இருந்திருக்கும். கொம்பனித்தெருவில் கியூ வீதி என்று ஒன்று இருக்கிறது. 1810-இல் அங்கே ஒரு தாவரத் தோட்டம் போட்டார்கள், இலண்டன் கியூ தோட்டத்தின் பெயரில். 1813-இல் அது களுத்துறைக்குப் போனது, 1821-இல் பேராதனைக்கு. போகும்போது செடிகளையும் கொண்டு போனார்கள். பேராதனைத் தோட்டத்தின் ஆரம்பச் செடிகளில் கொழும்பிலும் களுத்துறையிலும் இருந்து போனவையும் உண்டு. இடம் போனது, செடி போகவில்லை. இருநூறு வருடத்துக்கு முன் மாட்டு வண்டியும் பாதையும் சரியில்லாத காலத்தில் செய்ததை, பக்கத்து வீட்டுக்குத் தடி கொண்டு போவதற்கு எங்களால் செய்ய முடியாதா?

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும், 1951-இல் இருந்தே சட்டம் இருக்கிறது. செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் சட்டம் கேட்கவில்லை. கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். வீட்டுக்காரர் சாமான் எடுத்துப் போன பிறகு, தகரம் அடிப்பதற்கு முன், கேற்றைத் திறந்து வைத்து ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை அயலார் வந்து தடி வெட்டலாம் என்று ஓர் அட்டை எழுதித் தொங்க விடுங்கள். இடிக்கிற இடத்தில் ஆட்களை விட்டால் காயப்பட்டால் யார் பொறுப்பு என்று கட்டுகிறவர்கள் கேட்பார்கள், நியாயம்தான். அதனால்தான் சுவரெல்லாம் முழுதாக நிற்கிறபோதே திறக்கச் சொல்கிறேன். களவு போகும் என்ற பயமும் வேண்டாம், அந்த நேரம் வீட்டுக்குள் எடுத்துப் போக ஒன்றும் இருக்காது.

வருகிறவர்களும் முறையாக வர வேண்டும். கையால் ஒடிக்கக் கூடாது. பிளேடும் ஈரத் துணியும் கொண்டு வாருங்கள். இலைக்கு அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூச்சி ஒட்டியிருந்தால் அந்தக் கொப்பை விட்டுவிடுங்கள், அது உங்கள் வீட்டுப் பப்பாசி வரைக்கும் பரவும். ஓர் ஆள் ஒரு செடியில் நான்கு தடி எடுத்தால் போதும். ஒன்று வேர் விட்டதும் இன்னொருவருக்குக் கொடுங்கள், பாமன்கடை அக்காவுக்கு நான் கொடுத்த மாதிரி. கோயில்களும் பாடசாலைகளும் மதிலோரத்தில் ஒரு வரிசை இடம் தந்தால் இன்னும் நல்லது. எங்கள் கோயிலடியில் சரம் கட்டுகிற அம்மாவிடம் நந்தியாவட்டைப் பூ வாங்கி வாங்கித்தான் சுவாமிக்கு வைக்கிறோம். அதே கோயிலின் பின்மதிலோரம் வெறும் சீமெந்தாகக் கிடக்கிறது.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இன்னொரு பழைய வீடு இருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில். போன கிழமை நில அளவைக்காரர் வந்து முளை அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே, கிணற்றுக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பு அடுக்குச் செவ்வரத்தை ஒன்று நிற்பது என் ஜன்னலுக்குத் தெரிகிறது. அந்த நிறம் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. சொந்தக்காரரின் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுப் போவார். இந்த ஞாயிறு அவரிடம் கேட்கப் போகிறேன். படி கூட்டுகிற தங்கச்சியும் பிளேடோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போத்தல்கள் வெட்டி, தும்புச்சோறு ஊறப் போட்டாயிற்று.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.